படம் ஏன் வரலை? - இரவல் படமும் சொந்தப் படமும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கம்ப்யூட்டர் பொறுப்புக் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் இதே இடத்தில் நடந்த வாக்குவாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பனை ஓலைக் கூடை பின்னும் குழுவிலிருந்து வந்த அக்கா எழுந்து நின்று கேட்டார். "நம்ம கூட்டமைப்பு வெப்சைட்டில் எங்க கூடைப் படத்தை மட்டும் ஏன் எடுத்தீங்க? பொறுப்பாளருங்க குழுவோட பொருள் எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. எங்க இடத்தில் வெறும் கட்டம்தான் இருக்கு. சந்தா கட்டும்போது எல்லாரும் ஒண்ணு, விக்கும்போது மட்டும் வேறயா?"

எங்களுக்கு முகம் சுருங்கிப் போச்சு. உடனே ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தோம். அதில் எல்லாப் படமும் நன்றாகத் தெரிந்தது. "படம் இருக்கே அக்கா, உங்க போன்தான் சரியில்லை" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டோம்.

சகோதரிகளே, அந்த அக்கா சொன்னதுதான் சரி. தப்பு எங்க பக்கம். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் இன்றைக்கு இந்த நேரத்தை வாங்கியிருக்கிறோம். மன்னிப்போடு நிறுத்தாமல், ஏன் அப்படி நடந்தது என்பதையும் சொல்கிறோம். நாளைக்கு உங்க குழு தனியாக ஒரு பக்கம் ஆரம்பித்தால் இதே பள்ளத்தில் விழக்கூடாது இல்லையா?

நஷ்டம் எவ்வளவு?

முதலில் நஷ்டக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். கல்யாணத் தாம்பூலத்துக்கு 300 சின்னக் கூடை வேண்டும் என்று ஒருவர் நம்ம பக்கத்தைப் பார்த்திருக்கிறார். கூடை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். "பொருள் இல்லை போலிருக்கு" என்று நினைத்து வேறு இடத்தில் வாங்கிவிட்டார். பிறகு வேறு வேலையாகப் பேசும்போது அவரே இதைச் சொன்னார். ஒரு கூடை 40 ரூபாய் என்றால் 300 கூடைக்கு 12,000 ரூபாய். அந்தக் குழுவின் வரவில் வந்திருக்க வேண்டிய பணம்.

அதைவிடப் பெரிய நஷ்டம், நமக்குள் வந்த சந்தேகம். பணம் அடுத்த சீசனில் வந்துவிடும். "இவங்க ஆளுக்கு ஒரு நியாயம் வச்சிருக்காங்க" என்ற எண்ணம் வந்துவிட்டால் எந்தக் குழுவும் நிற்காது. அதனால்தான் இதை அடிவரைக்கும் போய்ப் பார்த்தோம்.

நாங்க கண்டுபிடித்தது

நம்ம பக்கத்தில் மொத்தம் 14 பொருள் இருக்கு. ஒரு உறுப்பினரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். 5 படம் தெரிந்தது, 9 படம் தெரியவில்லை. தெரிந்த 5-ம் பொறுப்பாளர் குழுக்களின் பொருள்தான். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

பழைய நோட்டைப் புரட்டினோம். அந்த 5 குழுவும் பென் டிரைவில் படம் கொண்டு வந்து கொடுத்தவை. அதை நம்ம பக்கத்திலேயே ஏற்றியிருந்தோம். மற்ற 9 குழுவிடம் நல்ல படம் கைவசம் இல்லை. நம்மகிட்ட பொருள் வாங்குகிற நகரத்துக் கடை ஒன்று, தன் வெப்சைட்டுக்காக அதையெல்லாம் அழகாகப் படம் எடுத்துப் போட்டிருந்தது. "படம்தான் அங்கே இருக்கே, இன்னொரு தடவை ஏன் எடுக்கணும்?" என்று நாங்க அந்தப் படத்தின் முகவரியை மட்டும் எழுதி நம்ம பக்கத்தில் ஒட்டிவிட்டோம். இதைத்தான் லிங்க் கொடுப்பது என்கிறார்கள்.

முகவரியை ஒட்டுவது வேறு, படத்தை வைப்பது வேறு. இந்த வித்தியாசம் எங்களுக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

படம் எப்படி வருகிறது?

ஒரு வெப்சைட் பக்கத்துக்குள்ளே படம் இருப்பதில்லை. பக்கத்தில் எழுத்து இருக்கும். படம் வேண்டிய இடத்தில், "இன்ன முகவரியில் போய் எடுத்துக்கொள்" என்று ஒரு குறிப்பு இருக்கும். பார்க்கிறவருடைய போன்தான் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தைக் கொண்டுவந்து காட்டும். பக்கத்தில் இப்படிப் படம் வைக்கும் முறையை 1993-ல் மார்க் ஆண்ட்ரீசன் முன்வைத்தார். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

நம்ம வீட்டு விருந்து மாதிரி நினைத்துப் பாருங்க. விருந்தாளிக்கு இலை போட்டுச் சோறு வைத்துவிட்டோம். "ஊறுகாய் எங்கே?" என்றால், "அடுத்த தெருவில் மூன்றாவது வீட்டுப் பரணில் ஜாடி இருக்கு, நீங்களே போய் எடுத்துக்குங்க" என்கிறோம். அந்த வீட்டுக்காரம்மா கொடுக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. தினமும் 50 பேர் வந்து கேட்டால் என்ன செய்வாங்க? வாசலில் நின்று, "நீங்க எந்த வீட்டிலிருந்து வர்றீங்க?" என்று கேட்பாங்க. நம்ம வீட்டுப் பேரைச் சொன்னதும், "இல்லை, போங்க" என்று கதவைச் சாத்துவாங்க.

கம்ப்யூட்டரிலும் அப்படியே நடக்கிறது. படத்தைக் கேட்கும்போது, "இந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்" என்று ஒரு தகவலும் சேர்ந்து போகும். அதற்கு ரெஃபரர் என்று பேர். படம் இருக்கும் சர்வர் அந்தப் பேரைப் பார்த்து, நம்ம ஆள் என்றால் கொடுக்கும், வேற்று ஆள் என்றால் மறுக்கும். மறுப்புக்கு ஒரு எண்ணும் உண்டு: 403. "உனக்கு அனுமதி இல்லை" என்று அர்த்தம்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறோம். இந்த ரெஃபரர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள். 1996-ல் வெளியான விதிமுறை ஆவணத்திலும் அந்தப் பிழை அப்படியே வந்துவிட்டது. இன்றைக்கு வரைக்கும் உலகம் முழுக்க அந்தத் தலைப்பு பிழையோடுதான் ஓடுகிறது. "எங்களுக்கு இங்கிலீஷ் சரியா வராது, கம்ப்யூட்டர் எப்படி வரும்?" என்று தயங்குகிற சகோதரிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் எப்படித் தெரிந்தது?

இதுதான் எங்களை ஏமாற்றியது. ஒரு தடவை கொண்டுவந்த படத்தை கம்ப்யூட்டர் தன்னிடம் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். மறுபடி பார்க்கும்போது போகாமல் அதையே காட்டும். இதை கேஷ் என்பார்கள். காசு இல்லை, பதுக்கி வைத்தது என்று அர்த்தம். கடைக்காரர் கதவைச் சாத்துவதற்கு முன்னால் எடுத்து வைத்த பிரதியைத்தான் ஆபீஸில் பார்த்துக்கொண்டிருந்தோம். புதிதாகப் பார்க்கிற போனில் அந்தப் பிரதி ஏது?

இன்னொரு குழப்பமும் இருந்தது. அந்தப் பெண்ணின் போனில் படத்தின் முகவரியை மட்டும் தனியாகத் தட்டிப் பார்த்தோம். படம் வந்துவிட்டது! நம்ம பக்கத்தில் வராத படம் தனியாகக் கேட்டால் வருகிறது. ஏனென்றால், நேரடியாகத் தட்டும்போது "எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்" என்ற பேச்சே இல்லை. பல சர்வர்கள் அப்படி வருகிறவர்களைத் தடுப்பதில்லை. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது: படம் அழியவில்லை, நம்ம பேரைக் கேட்டுத்தான் தடுக்கிறார்கள்.

கடைக்காரர் சொன்னது

கொஞ்சம் கோபத்தோடுதான் கடைக்குப் போன் போட்டோம். அவர்கள் சொன்னதைக் கேட்டதும் கோபம் போய் வெட்கம் வந்தது. அவர்களும் சர்வருக்கு வாடகை கட்டுகிறார்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. நம்ம பக்கத்தை ஒருவர் திறந்தால் 9 படமும் அவர்கள் சர்வரிலிருந்து போகும். ஒரு படம் 300 கே.பி. என்றால் 9 படம் 2,700 கே.பி., அதாவது கிட்டத்தட்ட 2.7 எம்.பி. ஆயிரம் பேர் பார்த்தால் 2.7 ஜி.பி. நம்ம வீட்டுத் தொட்டிக்கு அடுத்த வீட்டு மோட்டாரில் தண்ணீர் ஏற்றினோம். கரண்ட் பில் அவர்களுக்கு வந்தது.

நம்மைப் போல இன்னும் பலர் எடுத்திருக்கிறார்கள். அதனால் தங்கள் வெப்சைட்டைத் தவிர வேறு எங்கேயும் படம் தெரியாதபடி ஒரு பூட்டுப் போட்டுவிட்டார்கள். இதற்கு ஹாட்லிங்க் தடுப்பு என்று பேர். சர்வர் வாடகைக்குக் கொடுக்கும் பல இடங்களில் இது ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதான். அவர்கள் கடைசியாகச் சொன்னார்கள்: "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா படத்தையே அனுப்பியிருப்போமே."

"கூடை நம்மளோடது, படமும் நம்மளோடதுதானே?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். அப்படி இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படத்தை எடுத்தவருக்குத்தான் உரிமை. நாம் காசு கொடுத்து நமக்காக எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, நமக்கு உரிமை. கூடை நம்ம கைவேலை, படம் அவங்க கைவேலை.

இது நமக்கு மட்டும் நடந்ததா?

இல்லை. போட்டோபக்கெட் என்று ஒரு அமெரிக்க நிறுவனம். படங்களை அங்கே ஏற்றிவிட்டு, மற்ற இடங்களில் லிங்க் கொடுத்துக் காட்டலாம் என்று பல வருஷம் வசதி செய்து கொடுத்தது. இணையத்தில் பொருள் விற்கும் சிறு வியாபாரிகள் பலர் அதை நம்பி இருந்தார்கள். 2017 ஜூன் கடைசியில் விதிமுறை மாறியது. மற்ற தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் வருஷத்துக்கு 399.99 டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். அன்றைய மதிப்பில் 25,000 ரூபாய்க்கு மேல். கட்டாதவர்களின் பொருள் படம் இருந்த இடத்தில் எல்லாம் ஒரு அறிவிப்புப் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. 2018-ல் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதற்குள் விற்பனை இழந்தவர்களுக்கு யார் திருப்பித் தருவது?

இன்னொரு கதை, பெரிய இடத்துக் கதை. 2007 மார்ச்சில், அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்கத் தயாராகிக்கொண்டிருந்த செனட்டர் ஜான் மெக்கெய்னுக்கு மைஸ்பேஸ் தளத்தில் ஒரு பக்கம் இருந்தது. அவருடைய ஆட்கள் மைக் டேவிட்சன் என்பவர் உருவாக்கிய மாதிரிப் பக்கத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு படம் டேவிட்சனுடைய சர்வரிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அவர் தன் சர்வரில் அந்தப் படத்தை மாற்றினார். மெக்கெய்ன் தன் கொள்கையை மாற்றிக்கொண்டு ஒருபாலினத் திருமணத்தை ஆதரிக்கிறார் என்ற அறிவிப்பு அவர் பக்கத்திலேயே தெரிந்தது! யாரும் அவர் பக்கத்தை உடைத்து உள்ளே போகவில்லை. டேவிட்சன் தன் வீட்டுப் பொருளைத்தான் மாற்றினார். அடுத்தவர் படம் நம்ம பக்கத்தில் இருந்தால், நம்ம பக்கத்தில் என்ன தெரிய வேண்டும் என்பதை அடுத்தவர் முடிவு செய்வார்.

வேறு காரணங்களும் உண்டு

படம் வரவில்லை என்றால் எப்போதும் பூட்டுத்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். நாங்க தெரிந்துகொண்ட மற்ற காரணங்களையும் சொல்கிறோம்.

வீடு மாறிப் போயிருக்கலாம். படத்தை அழித்துவிட்டாலோ, வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாலோ பழைய முகவரியில் ஒன்றும் இருக்காது. அதற்கு எண் 404. 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, அங்கே இருந்த படங்களை நம்பிய பக்கங்களில் எல்லாம் இதுதான் நடந்தது.

பக்கத்தின் முகவரியைப் படத்தின் முகவரி என்று நினைத்திருக்கலாம். கூகுள் டிரைவில் "பகிர்" என்று கொடுத்தால் வருகிற லிங்க், படத்தைக் காட்டுகிற ஒரு பக்கத்தின் முகவரி. கடையின் முகவரியைக் கொடுத்தால் அலமாரியில் இருக்கும் டப்பா வருமா? அதோடு, "குறிப்பிட்டவர்கள் மட்டும்" என்று வைத்திருந்தால் உங்க போனில் தெரியும், வாங்குகிறவர் போனில் தெரியாது.

கெடு முடிந்திருக்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் படங்களின் முகவரி கொஞ்ச நாளைக்குத்தான் செல்லும். இன்றைக்கு ஒட்டினால் தெரியும், பிறகு மறைந்துவிடும்.

பாதுகாப்பு வித்தியாசம் இருக்கலாம். நம்ம பக்கம் எச்.டி.டி.பி.எஸ். என்று ஆரம்பித்து, படத்தின் முகவரி கடைசி எஸ் இல்லாத பழைய முறையில் இருந்தால், இப்போதைய பிரௌசர்கள் பல, படத்தையும் பாதுகாப்பான வழியில்தான் கேட்கும். அந்த சர்வரில் அந்த வழி இல்லை என்றால் படம் வராது.

எழுத்து மாறியிருக்கலாம். பல சர்வர்களுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பேரில் ஒரு எழுத்து மாறினாலும், "அப்படி ஒருத்தர் இங்கே இல்லை" என்றுதான் சொல்லும்.

படத்தின் வகையும் காரணமாகலாம். 2017-க்குப் பிறகு வந்த ஐபோன்களில் எடுக்கும் படம் ஹெச்.இ.ஐ.சி. என்ற வகையில் சேமிக்கப்படலாம். பல பிரௌசர்களுக்கு அதைக் காட்டத் தெரியாது. ஜே.பி.ஜி. ஆக மாற்றிப் போட வேண்டும்.

இனி என்ன செய்யப் போகிறோம்?

போன வாரமே கூடிப் பேசி, சில முடிவுகள் எழுதியிருக்கிறோம். நீங்க சம்மதித்தால் தீர்மான நோட்டில் ஏற்றலாம்.

1. நம்ம பொருளின் படத்தை நாமே எடுப்போம். வெளிச்சம் விழுகிற திண்ணையில், வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் பொருளை வைத்து போனில் எடுத்தாலே போதும்.

2. எடுத்த படத்தை நம்ம பக்கத்திலேயே ஏற்றுவோம். அடுத்தவர் இடத்துக்கு லிங்க் கொடுக்க மாட்டோம்.

3. போனில் எடுக்கும் படம் பல எம்.பி. இருக்கும். அதை 200 கே.பி. அளவுக்குக் குறைத்து ஏற்றுவோம். பட்டிக்காட்டு சிக்னலிலும் சீக்கிரம் திறக்கும்.

4. படத்துக்குப் பேர் வைக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி இல்லாமல்.

5. ஒவ்வொரு படத்துக்கும் மாற்று வரி எழுதுவோம். "பனை ஓலைத் தாம்பூலக் கூடை, ஒன்று 40 ரூபாய்" என்று எழுதி வைத்தால், படம் வராவிட்டாலும் அந்த வரி தெரியும். கண் தெரியாதவர்களின் போன் அதைப் படித்தும் காட்டும். இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த 300 கூடை ஆர்டர் போயிருக்காது.

6. அடுத்தவர் எடுத்த படம் தேவைப்பட்டால் எழுத்தில் கேட்டு, தேதியோடு பதில் வாங்கி, படத்தையே பெற்று ஏற்றுவோம்.

7. மாதம் ஒரு முறை சரிபார்ப்போம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தால் பழைய பிரதி ஏமாற்றும். நம்ம பக்கத்தை அதுவரை திறக்காத போனில் பார்க்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னலில் திறக்க வேண்டும்.

8. மூலப் படங்களை இரண்டு இடத்தில் வைப்போம். ஒன்று ஆபீஸ் கம்ப்யூட்டர், இன்னொன்று பென் டிரைவ். வெப்சைட்டின் வருஷ வாடகை கட்ட வேண்டிய தேதியைக் கடன் தவணைத் தேதி மாதிரியே நோட்டில் எழுதி வைப்போம். அது தவறினால் சொந்தப் படமும் தெரியாது.

இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை நமக்குத் தெரியாததா? ஆரம்பத்தில் வாரம் 10 ரூபாய், 20 ரூபாய் என்று நாமே சேமித்துத்தானே குழுவை நிறுத்தினோம்? படத்திலும் அதே வழிதான். நம்ம பெட்டியில் இருப்பதுதான் நமக்கு.

கூடைக் குழு அக்காவிடம் ஒரு வார்த்தை. அக்கா, நீங்க கேட்டபோது உங்க போனை வாங்கிப் பார்க்காமலேயே பதில் சொன்னோம். ஒரு நிமிஷம் வாங்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வேண்டுமென்று யாரும் உங்க படத்தை எடுக்கவில்லை. ஆனால் 5 குழுவுக்கு ஒரு மாதிரியும் 9 குழுவுக்கு ஒரு மாதிரியும் செய்தது நாங்கதான். அதற்கு மன்னிச்சிடுங்க.

இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் அந்த 9 குழுவின் பொருளையும் இங்கேயே படம் எடுக்கப் போகிறோம். வேட்டி விரித்தாச்சு. முதல் படம் கூடைதான். ஏற்றி முடித்ததும் உங்க போனில்தான் அக்கா முதலில் திறந்து பார்க்கணும். மாதாமாதம் சரிபார்க்கிற பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கணும்னு எல்லார் முன்னாடியும் கேட்டுக்கிறோம்.